முப்பத்திரண்டில் ஒரு பங்கு வைக்கோல்

மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது, வாதாங்கொட்டை பறிக்கிறேன் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் மதில்மேல் ஏறி விழுந்து வலது தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், பொங்கல் முடிந்த வாரம். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். நான்கு நாள் வைத்திருந்து, நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து வலது பாதம் வரைக்கும், இடது பக்கம் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எட்டு வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவள், "எட்டு வாரம்னா எத்தனை ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டாள்.

அப்போது நாங்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில், கணவர் வேலை பார்த்த ஆராய்ச்சி மையத்தின் குடியிருப்பில் இருந்தோம். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். வரைபடப் பிரிவில் வேலை. ஒரு குழாய் எங்கே வளைகிறது, எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்றெல்லாம் காகிதத்தில் போட்டுக் காட்டுவது அவர் தொழில். வீட்டிலும் அதே கண்தான். தோசை வட்டமாக வராவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் பார்ப்பார். நான் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மகளுக்காக நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.

மூன்றாவது வாரம் கணவருடன் வேலை பார்ப்பவர் ஒருவர் அவளைப் பார்க்க வந்தார். பயிற்சிக்காக ஜெர்மனி போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு டிராக்டர், அதற்கு ஒரு டிரெய்லர், ஐந்து மாடுகள், கொஞ்சம் வேலி, மஞ்சள் நிறத்தில் இரண்டு உருளைகள், அதே மஞ்சளில் செங்கல் மாதிரி ஆறு கட்டிகள்.

மாவுக்கட்டு போட்ட வயிறு அன்று முதல் அவளுக்கு வயலானது. வேலியை நெஞ்சுப் பக்கம் நிறுத்துவாள். மாடுகள் தொப்புளுக்கு நேரே மேயும். டிராக்டர் தொடையில் ஏறி முழங்காலோடு நின்றுவிடும்; அதற்குமேல் அவள் கை எட்டாது. நடுநடுவே கட்டுக்குள் அரிக்கும். "ஊதும்மா" என்பாள். நான் விளிம்பில் வாயை வைத்து ஊதுவேன். வயலில் இருக்கும் மாடுகள் கவிழாமல் ஊத வேண்டும்.

"அப்பா, இது என்னது, பன்னா?" என்று ஒரு மாலை அந்த உருளையைத் தூக்கிக் காட்டினாள்.

அவருக்கும் தெரியவில்லை. மறுநாள் அந்த நண்பரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "வைக்கோலாம்."

நான் சிரித்துவிட்டேன். மதுராந்தகம் ஏரித் தண்ணீர் பாயும் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். வைக்கோல் என்றால் போர். வீட்டைவிட உயரமாக, மழைத்தண்ணீர் வழிந்தோடுகிற மாதிரி உச்சியைக் கூம்பாக்கி வேய்ந்திருப்பார்கள். எடுத்துப்போக வேண்டுமென்றால் உருவி, வைக்கோலையே பிரியாக முறுக்கிக் கட்டித் தலையில் தூக்குவார்கள். பாய் சுருட்டின மாதிரி வைக்கோலைச் சுருட்டி வைப்பார்களா?

"அங்க மெஷின் சுருட்டுமாம்," என்றார். டிராக்டரைத் திருப்பி அதன் அடிவயிற்றைப் பார்த்தவர், முகம் மலர, "பாரு, இங்க போட்டிருக்கான்!" என்றார். ஒன்று, இரண்டு புள்ளி, முப்பத்திரண்டு. அதாவது நிஜத்தில் முப்பத்திரண்டு சென்டிமீட்டர் இருப்பது பொம்மையில் ஒரு சென்டிமீட்டர். அவருக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி அந்த மாதம் வேறு வரவில்லை.

ஸ்கேலை எடுத்துவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அளந்தார். உருளையின் விட்டம் நாலரை சென்டிமீட்டர். முப்பத்திரண்டால் பெருக்கினால் நூற்று நாற்பத்து நாலு. சாக்பீஸை நூலில் கட்டிக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். வட்டம் தரையிலிருந்து என் கழுத்து வரைக்கும் வந்தது. மகள் தலையைத் திருப்பி அதையே பார்த்தாள்.

"என்னைவிடப் பெருசா?"

"உன்னைவிட ஒரு சாண் பெருசு."

"அப்ப என்னையும் பக்கத்துல வரைங்க. நின்னுகிட்டு இருக்க மாதிரி."

அவர் சட்டென்று என் பக்கம் பார்த்தார். பிறகு வட்டத்துக்குப் பக்கத்தில் அவள் உயரத்துக்கு ஒரு பெண்ணை வரைந்தார். இரண்டு காலும் நேராகத் தரையில் ஊன்றிய பெண். அவருக்கு மனிதர்களை வரைய வராது; அது ஒரு குழாய்க்குப் பாவாடை கட்டிவிட்ட மாதிரிதான் இருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள்.

மாட்டையும் அளந்தார்கள். தோள் உயரம் ஐந்தடி வந்தது. "அஞ்சடியில மாடு எங்க இருக்கு? எங்க ஊர் மாடு நாலடிகூட வராது," என்றேன். "ஜெர்மனி மாடு," என்றாள் மகள், அதற்குமேல் பேச்சில்லை என்பதுபோல.

செங்கல் மாதிரி இருந்த கட்டிகளும் வைக்கோல்தானாம். கணக்குப் போட்டதில், நிஜக் கட்டின் நீளம் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர், அகலம் நாற்பத்தெட்டு, உயரம் முப்பத்தெட்டு. அவள் இதற்குச் சுவரில் படம் வேண்டாம் என்றுவிட்டாள்.

"இதுதான் சின்னதா இருக்கே. இதை நிஜமா காட்டுங்க. நான் தொட்டுப் பாக்கணும்."

"பெட்டி செஞ்சுட்டா கட்டிரலாம்," என்றார் அவர். "வைக்கோல்தான்…" என்று இழுத்து, என்னைப் பார்க்காமல் ஸ்கேலைத் துடைக்க ஆரம்பித்தார். "பக்கத்து ஊர்ல எங்கயாவது கேட்டா தருவாங்க."

அவர் ஏன் என்னைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏழு வயதில் அப்பா போனார். அண்ணனுக்கு அப்போது பதினைந்து. பத்தாம் வகுப்போடு நின்று ஏர் பிடித்தார். அம்மாவும் போன பிறகு என்னைக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்தது அவர்தான். செங்கல்பட்டில் எனக்கு வேலை கிடைத்த அன்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அந்த வேலைக்குப் போய்வந்த பஸ்ஸில்தான் இவரைப் பார்த்தேன், பழகினேன். சாதி வேறு, ஊர் வேறு. அண்ணன் எனக்கென்று ஒரு இடத்தில் பேசி முடித்திருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அண்ணன் தேடி வரவில்லை, திட்டவில்லை, அடிக்க ஆள் அனுப்பவில்லை. ஒன்பது வருடம் பேசவே இல்லை, அவ்வளவுதான். மகள் பிறந்ததற்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. காதுகுத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டிய காதை எதிர்வீட்டுக்காரர் மடியில் வைத்துக் குத்தினோம். அவர் நல்ல மனிதர். குழந்தை அழுததும் அவரும் அழுதுவிட்டார். எனக்குத்தான் அன்றைக்கு அழுகை வரவில்லை.

"நான் எங்கண்ணன்கிட்ட கேக்கறேன்," என்றேன்.

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "நெசமாவா?"

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு யோசித்தபோது புரிந்தது. பெரிய காரணத்தோடு போய் அண்ணன் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது. வைக்கோல் சின்ன விஷயம். இல்லை போ என்று சொன்னாலும் பஸ் ஏறித் திரும்பிவிடலாம்.

எதிர்வீட்டு அம்மாவை மகளோடு இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். செங்கல்பட்டு போய், மதுராந்தகம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். அறுப்பு முடிகிற சமயம். அண்ணன் களத்தில் இருந்தார். டிராக்டரை ஏற்றி மிதித்த நெல்தாளை இரண்டு பெண்கள் உதறிக்கொண்டிருக்க, இவர் அதை நுனி பிரிந்த கவைக்கோலால் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. அண்ணிதான் என்னை முதலில் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தார்.

அண்ணன் கவைக்கோலை நிறுத்தவில்லை. "இன்னா சேதி?" என்றார், வைக்கோலைப் பார்த்து.

"கொஞ்சம் வைக்கோல் வேணும்ணா."

"வைக்கலா? மாடு வாங்கிக்கீறியா?"

"இல்ல. கொழந்தைக்கு."

இப்போது நிமிர்ந்தார். "கொழந்த வைக்கல் துன்னுதா?"

கோபமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தது பாதியில் அழுகையாகிவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: மதில், மாவுக்கட்டு, டிராக்டர், சுவரில் போட்ட வட்டம், தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டது. எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அந்தப் பெண்கள் உதறுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் காலு?" என்றார் அண்ணன்.

"வலது காலு."

"நோவுதா?"

"இப்ப இல்லண்ணா. அரிப்புதான்."

கவைக்கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாவுது. கெளம்பு," என்றார்.

அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணி வேர்க்கடலையைப் பையில் திணித்து, தெரு முனை வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டார். எந்த வீடு, எந்தத் தெரு என்று மட்டும் விசாரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட் வாட்ச்மேன் சைக்கிளில் வந்து இறங்கினார். "மேடம், உங்க பேரச் சொல்லி ஒரு லாரி வைக்கோல் வந்திருக்கு. குவார்ட்டர்ஸ்ல மாடு வளக்கக் கூடாதே?"

உண்மையிலேயே ஒரு லாரி. மினி லாரிதான், ஆனால் பக்கப் பலகை தெரியாத அளவுக்கு வைக்கோல். எவ்வளவு வேண்டும் என்று நான் அன்றைக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன். என் கணவர் கேட்டுக்கு ஓடினார். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

"வணக்கம் சார்," என்று அண்ணன் சொன்னாராம். இவரும் வணக்கம் சொன்னாராம். அப்புறம் வீடு வந்து சேரும்வரை லாரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அண்ணன் வீட்டுக்குள் வரவில்லை. "வெளியவே கீறேன், இங்க காத்து வருது," என்று வாதா மரத்தடியில் நின்றுகொண்டார். ஜன்னல் வழியாக மகளுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது.

"யாரும்மா?"

"மாமா வந்திருக்காங்க."

"எந்த மாமா?"

குடியிருப்பில் அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் அவளுக்கு மாமாதான். எதிர்வீட்டு மாமா, ஸ்கூட்டர் மாமா, ஜெர்மனி மாமா. "நிஜ மாமா," என்றேன்.

அண்ணன் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

உள்ளே வந்து கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றார். நெஞ்சுவரை வெள்ளையாக இறுகிக் கிடந்தவளைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். அவள் தன் வயிற்றிலிருந்து ஒரு மஞ்சள் கட்டியை எடுத்து நீட்டினாள். "இதுதான் வைக்கோல் கட்டு மாமா."

அவர் அதை உள்ளங்கையில் வாங்கினார். அந்தக் கைக்குள் அது ஒரு பயறு மாதிரி இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "வாசனையே இல்லியே," என்று திருப்பிக் கொடுத்தார். அவள் அதை வாங்கி முகர்ந்துவிட்டு, "ஆமா, பிளாஸ்டிக் வாசனைதான் வருது," என்று ஒப்புக்கொண்டாள்.

பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் வேலை ஆரம்பமாயிற்று. என் கணவர் பழைய பலகைகளை அறுத்து, மேலும் கீழும் திறந்த பெட்டி ஒன்று அடித்து வைத்திருந்தார். உள் அளவு மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கும், சந்தேகமில்லை.

"பொட்டி எதுக்கு சார்? கையிலயே கட்டிக் குடுத்துர்றேன்."

"அளவு சரியா வரணும்லா."

"வைக்கலுக்கு இன்னா சார் அளவு?"

இருந்தாலும் கயிற்றைக் குறுக்கே போட்டு, வைக்கோலைத் திணித்து, அண்ணன் பெட்டிக்குள் ஏறி நின்று மிதித்தார். இவர் கயிற்றை இழுத்து முடிந்தார். பெட்டியை மேலே உருவியதும் கட்டு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி நாலாபக்கமும் விரிந்தது. இவர் டேப்பை வைத்துப் பார்த்தார். நீளம் நூற்றெட்டு.

"பன்னெண்டு சென்டிமீட்டர் கூட," என்றார், பரீட்சையில் தோற்ற முகத்தோடு.

அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். நூற்றேழு. மூன்றாவது தடவை கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஆறவிட்டு, முழங்காலை வைத்து அழுத்திக் கட்டினார்கள். நூற்றாறு. உள்ளேயிருந்து மகள் ஒவ்வொரு தடவையும் "எவ்ளோ?" என்று கத்துவாள்; இவர் எண்ணைச் சொல்வார்; அவள் "இல்ல, தொண்ணூத்தாறு!" என்பாள். இரண்டு ஆண்களும் தலையில் வைக்கோல் ஒட்டி, வேர்வை வழிய, குற்றவாளிகள் மாதிரி நின்றார்கள்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கட்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பொட்டிய சின்னதாக்கு மாப்ளே. வுட்டா எவ்ளோ வீங்குதுன்னு தெரிஞ்சிபோச்சில்ல? அத்த கொறச்சிகினு பலகைய அடி."

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நான் அப்படியே நின்றுவிட்டேன். சார் என்றுதான் அதுவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தான் என்ன சொன்னோம் என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. என் கணவர் கவனித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தவர் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"சரி மச்சான்," என்றார். பலகையில் புதுக் கோடு ஒன்று போட்டார்.

பலகையைக் கழற்றி உள்ளே தள்ளி அடித்தார்கள். இந்தத் தடவை தொண்ணூற்றேழு வந்தது. ஒரு சென்டிமீட்டர் கூட என்று இவர் ஆரம்பிக்க, "அது மூச்சு வுடறதுக்கு," என்று அண்ணன் முடித்துவிட்டார்.

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலை ஒட்டி வைத்தார்கள். வீடு முழுக்க அறுப்பு வாசனை. அவள் கையை நீட்டித் தடவினாள், உருவினாள், ஒரு தாளை எடுத்துக் கடித்தும் பார்த்தாள். பிறகு பொம்மைக் கட்டியை அதன்மேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது முப்பத்திரண்டு சேந்தா இது வருமா?"

"வராதும்மா," என்றார் அவள் அப்பா. "நீளத்துக்கு முப்பத்திரண்டு, அகலத்துக்கு முப்பத்திரண்டு, உயரத்துக்கு முப்பத்திரண்டு. முப்பத்திரண்டாயிரத்துக்கும் மேல வேணும்."

"இன்னா?" என்றார் அண்ணன். "முப்பத்திரண்டாயிரமா? உடாத மாப்ளே."

"வேணும்னா போட்டுப் பாருங்க மச்சான்."

தரையில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தார்கள். மூன்று தடவை போட்டும் அதே விடைதான். அண்ணன் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் பங்குக்கு, ஒரு போரைச் சுற்றி நடந்து வந்தாலே அதில் எத்தனை வண்டி வைக்கோல் இருக்கிறது என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். இவர் நம்பவில்லை. வெளியே கொட்டிக் கிடந்த குவியலைக் காட்டி, இந்தப் பெட்டிக்கு எத்தனை கட்டு வரும் என்று கேட்டார். அண்ணன் ஒரு சுற்று நடந்துவிட்டு, "நாப்பது," என்றார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் அதைக் கட்டிப் பார்த்துத்தான் ஓய்ந்தார்கள். நாற்பத்தொன்று வந்தது. நான் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் "வந்துட்டோம்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு வரவில்லை.

நாற்பத்தோரு கட்டை குவார்ட்டர்ஸில் வைத்து என்ன செய்வது? மறுநாள் அதே லாரியில் ஏற்றிக்கொண்டு, மாமல்லபுரம் கடற்கரையில் குதிரைச் சவாரி நடத்தும் ஒருவரிடம் கொடுக்கப் போனார்கள். "குதிர இத்த துன்னாது, படுத்துக்கும்," என்று அவர் வாங்கிக்கொண்டாராம். திரும்பி வரும்போது இரண்டு பேர் மேலும் வறுத்த மீன் வாசனை. என் கணவர் மீன் தொடமாட்டார் என்று அதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கட்டு மட்டும் போகவில்லை. ஒன்பதாவது வாரம் மாவுக்கட்டைப் பிரித்தபோது அவள் கால் கருவேப்பிலைக் குச்சி மாதிரி இருந்தது. ஊன்றப் பயந்தாள். நாற்காலி உயரம், அதில் உட்கார்ந்தால் பாதம் தொங்கும். வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொட்டது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் எதிரே குந்திக்கொண்டு இரண்டு கையையும் நீட்டுவார். அவள் பிடித்துக்கொண்டு எழுவாள், பயந்து உட்காருவாள். உட்காரும்போது வைக்கோல் குத்தாமல் அமுங்கிக் கொடுக்கும். சித்திரை பிறக்கும்போது சுவர் வரைக்கும் நடந்து, சாக்பீஸ் பெண்ணின் தோளோடு தன் தோளை ஒட்டிவைத்து நின்று காட்டினாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. நாங்கள் ஊருக்குப் போவதும் அவர்கள் கடற்கரைக்கு வருவதும் வழக்கமாகிவிட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அண்ணன் ஊரில் அறுப்புக்கு ஆள் கிடைப்பது கஷ்டமானது. மெஷின் வந்து அறுத்தது. வைக்கோலைக் கண்டபடி வயலிலேயே துப்பிவிட்டுப் போனது. அதை அள்ளவும் ஆள் இல்லை.

ஒரு தை மாதம் என் கணவருக்கு அண்ணனிடமிருந்து போன். "மாப்ளே, உங்க ஜெர்மனிக் கட்டு எங்க ஊருக்கு வந்துட்சு. வந்து அளந்து பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனோம். மகள் அப்போது படிப்பு முடித்து, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, கூடுவாஞ்சேரியில் தோழிகளோடு தங்கியிருந்தாள். அவளும் நேராக வந்துவிட்டாள். வயலில் டிராக்டருக்குப் பின்னால் ஒரு சிவப்பு மெஷின் போய்க்கொண்டிருந்தது. தாளை வாரி விழுங்கும்; கொஞ்ச தூரம் போனதும் நின்று, பின்பக்கம் திறந்து ஒரு உருளையைக் கீழே போடும். வயல் முழுக்க மஞ்சள் உருளைகள்.

என் கணவர் டேப்பை எடுத்துக்கொண்டு வரப்பிலிருந்து குதித்தார். விட்டம் அறுபது, நீளம் தொண்ணூறு. "சின்னதா இருக்கே!" என்றார் ஏமாற்றத்தோடு. ஜெர்மனி உருளையின் அளவுகள் அவருக்கு இன்னும் மனப்பாடம். இதை முப்பத்திரண்டால் வகுத்தால் இரண்டு சென்டிமீட்டர்கூட வரவில்லை. அந்தப் பொம்மையில் பாதிக்கும் கம்மி.

"அங்க மெஷின்லயே தூக்கி மெஷின்லயே ஏத்துவான்," என்றாள் மகள். "இங்க ஆள்தானப்பா தூக்கணும்."

அப்படிச் சொன்னவுடன் அண்ணன் ஒரு உருளையைத் தோளில் ஏற்றிக் காட்டினார். ஐம்பத்தைந்து வயது. அண்ணி வரப்பிலிருந்து கத்தினார்.

"மாமா, எங்க பொம்மை உருளையோட நிஜ சைஸ் ஒண்ணுக்கு இது எத்தனை வேணும் சொல்லுங்க," என்று மகள் கையை விரித்து அளவு காட்டினாள். அண்ணன் அந்தக் கைகளுக்கு நடுவே இருந்த காற்றை ஒரு கணம் பார்த்தார். "எட்டு," என்றார். அவள் செல்போனில் கணக்குப் போட்டாள். ஏழு புள்ளி எட்டு.

என் கணவர் மெஷின் ஓட்டுகிறவரிடம் கேள்வி கேட்கப் போய்விட்டார். நான் அண்ணியோடு சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்தேன். மகளும் அண்ணனும் தூரத்தில் ஆளுக்கொரு உருளைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் பேசினார்கள். அப்புறம் அண்ணன் மட்டும் எழுந்து என்னிடம் வந்தார்.

"பொண்ணு சொல்லிச்சா உங்கிட்ட?"

"என்னதுண்ணா?"

"இல்லியா? அப்ப எங்கிட்டதான் மொத மொத சொல்லிக்கீது." முகத்தில் பயமும் பெருமையும் சேர்ந்து இருந்தது. "அது கூட வேல செய்யிற பையனாம். சேலம் பக்கமாம். வூடு ஊரப்பாக்கத்துல கீதாம். நம்ம ஆளுங்க இல்லியாம்."

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன். கோபமா, பயமா, எனக்கே தெரியவில்லை. அந்த வயதில் நான் செய்ததைவிட அவள் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. இருந்தும் தூக்கின் மூடியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"அது சொல்லிச்சு பாரு," என்றார் அண்ணன், என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து. "மாமா, நீங்க வந்து பேசுங்கன்னு கேட்டுச்சு பாரு."

இத்தனை வருடப் போக்குவரத்தில் அந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேருமே எடுத்ததில்லை. "நான் சொல்லாம போனது தப்புதாண்ணா," என்றேன். "கல்யாணம் தப்பில்ல. சொல்லாம போனது தப்பு."

அவர் ஒரு தாளை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "சொல்லிருந்தா இன்னா பண்ணிருப்பேன் நானு? வூட்ல கட்டிப் போட்டுருப்பேன்." கொஞ்சம் சிரித்தார். "நீ எங்கிட்ட வந்து சொல்றாப்ல நான் இல்லியே அப்ப. நான் இப்டி இருந்திருந்தா நீ சொல்லிருப்ப."

அண்ணி இரண்டு பேருக்கும் சோற்றைப் போட்டுவிட்டு, "மொதல்ல துன்னுங்க," என்றார்.

அடுத்த மாதம் ஊரப்பாக்கம் போனோம். ரயிலில் வந்து ஸ்டேஷனில் இறங்கி, கேட்டுக் கேட்டு அந்த அடுக்குமாடிக் கட்டடத்தைக் கண்டுபிடித்தோம். மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. அண்ணன் புது வேட்டி சட்டையில், பழத்தட்டை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு ஏறினார். பையனின் அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார்; அம்மா அதிகம் பேசாதவர். எல்லோரும் உட்கார்ந்தோம். யார் முதலில் பேசுவது என்று தெரியவில்லை. என் கணவர் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அண்ணன் பேசிவிட்டார்.

"நான் பொண்ணுக்குத் தாய்மாமன். விவசாயம். எங்களுக்குப் புடிச்சிருக்கு. உங்களுக்கு இன்னா தோணுதோ ஒடச்சிச் சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டோம்."

இப்படியா பேசுவது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அந்த வாத்தியார் சிரித்துவிட்டார். "எங்களுக்கும் அதேதாங்க. எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் ரெண்டு நாளா யோசிச்சுகிட்டிருந்தோம்," என்றார். அப்புறம் கேசரி வந்தது, லட்டு வந்தது, பாயசமும் வந்தது.

இறங்கும்போது அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். என் கணவரின் தோளில் ஒரு கையைப் போட்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்ததும், "அல்லாமே இனிப்பாவே குடுத்தாங்களே மாப்ளே, காரமா ஒண்ணுமே இல்லியே," என்றார். ஸ்டேஷன் வாசலில் சூடாக மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது. நாங்கள் அடுத்த ரயிலுக்குப் போய்க்கொள்ளலாம் என்று, செய்தித்தாளில் எண்ணெயை ஒற்றியபடி அங்கேயே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.